என்னையும் எண்ணிவிட்டார்கள்

போன வாரம் சிவனொளிபாத மலைக்குப் போய் வந்தேன். இதில் 'வந்தேன்' என்பது முழு உண்மை. 'போய்' என்பதில்தான் கொஞ்சம் சிக்கல்.

ஐந்து நண்பர்கள் சேர்ந்து போவதாகத் திட்டம். அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவே தொடங்கினோம். முதலாமவருக்கு முழங்கால் வலி. இரண்டாமவருக்கு மகளின் டியூஷன். மூன்றாமவர் மாமியாருக்குச் சுகமில்லை என்றார். அந்த அம்மாவை மறுநாள் எஹலியகொடச் சந்தையில் கண்டேன்... பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார்! நான்காமவர் எதுவுமே சொல்லவில்லை. கூப்பிய கைகள் படம் ஒன்றைப் போட்டுவிட்டு மறைந்துவிட்டார்.

மிஞ்சியது நானும், புதிதாக வாங்கிய சப்பாத்தும். சப்பாத்தைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். வேறு என்ன செய்வது? புறப்பட்டேன்.

இரத்தினபுரிப் பக்கத்தில் பலாபத்தலவிலிருந்து ஏறும் பாதை நீளமானது. காடு, கல், அட்டை, மறுபடியும் கல். பாதி தூரம் போவதற்குள் சப்பாத்து தன் வேலையைக் காட்டிவிட்டது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம். என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் இரப்பர் செருப்புக்காரர்கள். சிலர் வெறுங்கால். ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு போனார். குழந்தை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது.

தனியே நடந்தால் மனம் தெளியும் என்று எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். எழுதியவர்களுக்குக் கொப்புளம் வந்திருக்காது. வலித்தால் "ஐயோ" என்று சொல்லத் தோன்றுகிறது. சொன்னால், "என்ன?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். காடு ஒன்றும் கேட்கவில்லை.

வழியில் ஒரு தேநீர்க் கடை. வெளியே நீளமான வாங்கு. அதில் ஒரு கூட்டம் வரிசையாக உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

உயரமான ஒரு பெண் எழுந்து, மடக்கிய குடையால் ஒவ்வொரு தலையாகக் காட்டி எண்ணத் தொடங்கினார். குடை என் தலைக்கும் வந்தது. எண்ணி முடித்ததும் நெற்றியைச் சுருக்கினார். மறுபடி எண்ணினார்.

"என்னாடி இது, பதினஞ்சு வருது? பெரட்டுல ஆளு குறையும், கூடுமா?"

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி எண்ணி வேலைக்கு அனுப்புவார்களே, அதுதான் பெரட்டு. அந்தப் பெண் சிவபாக்கியம், றக்வானப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. மலைக்கு வந்தாலும் பெரட்டை விடவில்லை.

"அக்கா, அந்தக் கடைசி ஆளு நம்ம ஆளு இல்ல" என்றது ஒரு குரல்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மன்னிச்சுக்குங்க... கால் வலி, அதுதான் உக்காந்துட்டேன்" என்றேன்.

"யாரு கூட வந்தீங்க சார்?"

"தனியா."

என் குதிகாலைப் பார்த்து வராத இரக்கம் இந்த ஒரு சொல்லைக் கேட்டு அவர்கள் முகத்தில் வந்தது. "மலைக்கு யாராச்சும் தனியா வருவாங்களா? நம்ம செட்டோடயே வாங்க" என்றார் சிவபாக்கியம். "ஆனா பின்னுக்கு நின்னீங்கன்னா அரைப் பேருதான் போடுவேன்!"

வாங்கு முழுக்கச் சிரிப்பு. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ஒரு பேர். எடுத்த கொழுந்து போதாவிட்டால் அரைப் பேர், பாதிச் சம்பளம். எனக்கு அரைப் பேரே அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

குதிகாலில் யாரோ பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டார்கள். இன்னொருவர் தன் பையிலிருந்து மாற்றுச் செருப்பை எடுத்துக் கொடுத்தார். சப்பாத்தை நாடாவால் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன். நான் சப்பாத்துக்காக மலையேறினேனா, சப்பாத்து எனக்காக ஏறியதா என்று தெரியவில்லை.

செட்டில் எனக்கு அடுத்தபடி மெதுவானவர் பேச்சாயி. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான அம்மா. இயல்பாக நாங்கள் இரண்டு பேரும் வாலில் சேர்ந்தோம்.

"சாருக்கு என்னா வேல?"

"பேப்பர்ல எழுதுறேன்."

"உக்காந்துகிட்டா?"

"ஆமா."

"அதான பார்த்தேன்" என்றார், என் வயிற்றைப் பார்த்து.

ஒரு திருப்பத்தில் பேச்சாயி நின்றார். "நீங்க நடங்க சார், நா இந்தா வந்துர்றேன்" என்று பாதையை விட்டுப் புதருக்குள் இறங்கினார். காரணம் கேட்கிற விஷயமா இது? மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். முன்னால் போனவர்கள் பாடத் தொடங்கியிருந்தார்கள். என்னையும் சேர்ந்து பாடச் சொன்னார்கள். நான் பாடினேன் — யோசித்துப் பாருங்கள், நான்! கடைசியாக எப்போது பாடினேன் என்பது எனக்கே நினைவில்லை.

ஹெரமிட்டிபான மடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. குருவிட்டப் பக்கத்துப் பாதையும் அங்கேதான் வந்து சேர்கிறது. ஒரே சனம். சிவபாக்கியம் எல்லாரையும் சுவரோரம் நிறுத்திக் குடையை நீட்டினார். குடை என்மேலும் வந்தது. இம்முறை நெற்றி சுருங்கவில்லை.

"பதினாலு. சரியா இருக்கு."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சரியாக இருக்கிறதாம்! என்னையும் சேர்த்துச் சரியாக இருக்கிறதாம்! வீட்டில் மனைவியின் படம் சுவருக்குப் போன பிறகு, என்னைச் சேர்த்து யாரும் எதையும் எண்ணியதில்லை. மகன் கடல் கடந்து இருக்கிறான். அவன் வீட்டில் மூன்று பேர், என் வீட்டில் ஒருவர்... சேர்த்து எண்ணுவதற்கு யாருக்கும் தோன்றாது.

பிறகுதான் கணக்கு மண்டையில் ஏறியது. அவர்கள் பதினாலு. நான் வேறு.

"அக்கா... என்னய எண்ணாதீங்க. நா உங்க ஆள் இல்ல."

சிரித்தார்கள். "கோவிச்சுக்காதீங்க சார், முழுப் பேரே போடுறேன்" என்றார் சிவபாக்கியம்.

"அது இல்ல. என்னய விட்டா பதிமூணு. பேச்சாயியம்மாவக் காணோம்."

சிரிப்பு பட்டென்று நின்றது. போனில் சிக்னல் இல்லை. கீழே பாதை முழுக்கப் பனி. நான் கடைசியாகப் பார்த்த திருப்பத்தைச் சொன்னேன். சிவபாக்கியமும் செட்டிலிருந்த இரண்டு ஆண்களும் இறங்கத் தயாரானார்கள். நானும் எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க சார். அப்பறம் ஒங்களத் தேட வேற ஒரு செட்ட அனுப்பணும்!"

உட்கார்ந்தேன். அந்தக் காத்திருப்பைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் பனியைப் பார்த்து "பேச்சாயீ..." என்று மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த அம்மா குறைந்ததைப் பதிமூன்று பேர் தாங்க முடியாமல் தவித்தார்கள். அந்தக் குறையை மறைத்து நின்றது என் ஒரு தலை.

கடைசியில் வந்தார். குடும்பமாக ஏறி வந்த சிங்களவர்கள் சிலர் அவர் கூப்பிட்டதைக் கேட்டுக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருக்கிறார்கள். வழியில் சிவபாக்கியத்தைக் கண்டிருக்கிறார்கள்; எண்ணிக்கை தவறிய கதையை அவர் அங்கேயே சொல்லிவிட்டிருக்கிறார். பேச்சாயிக்குச் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியிருந்தது. உட்கார்த்தியதுமே முதல் கேள்வி:

"எம் பேர்ல நின்ன ஆளு யாருடி?"

எல்லாக் கைகளும் என்னைக் காட்டின. மேலும் கீழும் பார்த்தார்.

"இவரா? இவர எண்ணிப்புட்டா என்னைய விட்டீங்க? ஒரு கிலோ கொழுந்து எடுப்பாரா இவரு?"

மற்றவர்கள் உச்சிக்கு ஏறினார்கள். வீங்கின காலும் கொப்புளக் காலும் மடத்திலேயே தங்கின. ஆகவே உச்சி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நல்ல படங்கள் இணையத்தில் இருக்கின்றன.

கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சாயி தானாகப் பேசினார்.

"கத்தினேன் சார். மொதல்ல இவளுக பேரெல்லாம் சொல்லிக் கூப்ட்டேன். அப்பறம் சாமி பேர. ஒண்ணும் கேக்கல. கடைசில எம் பேரயே நா கூப்ட்டுக்கிட்டேன். பேச்சாயி, பேச்சாயின்னு."

"ஏம்மா?"

"யாரோ தேடுற மாதிரி இருக்கட்டுமேன்னுதான்."

பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை மெல்ல இறங்கினோம். அவர்கள் றக்வானப் பக்கம் வேனில் போனார்கள். நான் பஸ் பிடித்து எஹலியகொடவுக்கு வந்தேன். நான் இருப்பது கடை மாடியில். கீழே கடை வைத்திருப்பவர் நஸார் நானா. நாள் தவறாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் நாங்கள். படியேறுமுன், "வந்துட்டேன் நானா!" என்றேன், சற்று உரக்கவே.

மா மூட்டையை இறக்கிக்கொண்டே நிமிர்ந்தார்.

"எங்க சேர் போயிருந்தீங்க? நீங்க மேலதான் இருக்கீங்க எண்டெல்லவா நினைச்ச!"

அவர்மேல் என்ன குற்றம்? தேட வேண்டுமென்றால், போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.