டேட்டா சாருக்கு அமாவாசை எப்போ?

இன்று காலை ஹெட் சாரிடமிருந்து போன்!

எந்த ஹெட் என்று கேட்பவர்களுக்கு: சென்னையில் ஒரு ஈவென்ட் கம்பெனியின் மார்க்கெட்டிங் ஹெட். பாட்டுக் கச்சேரிகளுக்குக் கூட்டம் சேர்ப்பதுதான் அவர்கள் தொழில்.

அங்கே ஆறு மாதம் நான் ட்ரெய்னி. (எல்லா வேலையும் செய்துவிட்டு மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு இருப்பவர் என்று அர்த்தம்!)

காஞ்சிபுரத்தில் ஒரு பேண்டின் கச்சேரி வந்தது.

"உங்க ஊர்தானமா? ஹால ரொப்பிக் காட்டு, உன்ன பெர்மனென்ட் பண்றேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மியூசிக் மார்க்கெட்டிங்தான் என் வேலை என்று அப்பாவிடம் அத்தனை சண்டை போட்டவள் நான். இதில் ஜெயித்தே ஆகவேண்டும்.

தேதியில்தான் வந்தது வினை.

"சண்டே வேணாம் சார். அமாவாசை அன்னிக்கி வைங்க."

மீட்டிங்கில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"அமாவாசைல கான்செர்ட்டா? ஆடியன்ஸ் யாருமா, பேயா?"

"எங்க பிள்ளையார்பாளையம் முழுக்க நெசவாளருங்கதான், அமாவாசைக்குத்தான் சார் தறிக்கு லீவு. காலைல படையல் போட்டுட்டா சாயங்காலம் எல்லாரும் சும்மாதான் இருப்பாங்க. சண்டேல வூட்டுக்கு வூடு தறி ஓடிக்கினு இருக்கும் சார். எங்கப்பாவே தறிய வுட்டு எழுந்திருக்க மாட்டாரு."

"டேட்டா என்ன சொல்லுதோ அதான்மா. வீக்கெண்ட்னா வீக்கெண்ட்தான்."

(அந்த டேட்டா எந்தத் தெருவில் தறி நெய்ததோ!)

போதாக்குறைக்கு அது கல்யாண சீசன். ஞாயிறானால் பட்டு எடுக்க வரும் வெளியூர்க் கார்களில் ஊரே திணறும். பட்டுக்கடைப் பையன்களுக்கும் பெண்களுக்கும் அன்றைக்கு மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. இதையும் சொன்னேன். யார் கேட்டார்கள்?

பட்டுப்புடவை கட்டிய மாடல் கையில் கிட்டார் கொடுத்து ஒரு போஸ்டர் அடித்தார் மனுஷன். அந்தப் புடவை பாலியஸ்டர்! நெசவாளர் ஊரில் கொண்டுவந்து அதை ஒட்டுகிறார்!! எங்கள் தெருவே நின்று பார்த்துச் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை அறுநூறு நாற்காலி போட்ட ஹாலுக்கு வந்தவர்கள் ஐம்பத்துமூன்று பேர். அதில் பன்னிரண்டு பேர் என் சித்தி வீட்டு ஆட்கள்.

பேண்டின் பாடகன் நவீன் மேடையிலிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டான்.

"அக்கா, எல்லாரும் வெளில நிக்கிறாங்களா?"

வெளியே நின்றது என் ஸ்கூட்டி மட்டும்தான்.

கூட்டம் வராததற்கு ஹெட் சாரிடம் காரணம் தயாராக இருந்தது.

"உங்க ஊர்க்காரங்களுக்கு மியூசிக் டேஸ்ட்டே இல்லமா. நீயும் இந்த ஃபீல்டுக்கு செட்டாவ மாட்ட. நாளைலேர்ந்து வர வேணாம்."

அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? வேலை போனதைவிட, என் ஊரைச் சொன்னதுதான் எரிந்தது.

மீட்டிங்கில் நடந்தது காதில் விழுந்து, அடுத்த வாரம் நவீன் போன் செய்தான்.

"அக்கா, அந்த அமாவாசை மேட்டர் நெஜமாவா?"

"நெஜம்தான்பா."

"அப்போ நீங்களே ஒரு ஷோ வைங்க. நாங்க வந்து பாடறோம்."

அதே ஹால், அடுத்த அமாவாசை, மாலை ஐந்து மணி. ரீல்ஸ் கிடையாது, ஹேஷ்டேக் கிடையாது. சாயப்பட்டறை, ஜரிகைக் கடை, டீக்கடை என்று ஸ்கூட்டியில் சுற்றினேன்.

அப்போதுதான் அப்பா, ஆமாம், அந்தச் சண்டைக்கார அப்பாவேதான், கேட்காமலே நெசவாளர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டார்.

"நாளன்னிக்கி தறி லீவுதான? எம்பொண்ணு ஒரு கச்சேரி வெச்சிக்கிது. வந்துட்டுப் போங்கபா."

அந்த வாய்ஸ் ஊரெல்லாம் சுற்றியது.

ஹால் நிரம்பி, படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டார்கள்! முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு முறைப்பாக இருந்த அப்பா, மூன்றாவது பாட்டில் காலால் தாளம் போட ஆரம்பித்தார். (தறி மிதிக்கிற கால் சும்மா இருக்குமா?)

இரண்டே நாளில் ஹெட் சார் ஒரு பதிவு போட்டார். தலைப்பு: 'லோக்கல் காலண்டர் மார்க்கெட்டிங்: நான் கண்டுபிடித்த ரகசியம்'. கூடவே என் ஹாலின் போட்டோ! வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது கடையிலா விற்கிறது?

இப்போது இன்று காலை வந்த போனுக்கு வருகிறேன்.

"என்னமா, நல்லா இருக்கியா? காஞ்சிபுரத்துல இன்னொரு ஷோ பண்றோம். நீதான் லீட். இந்த தடவ கண்டிப்பா பெர்மனென்ட்."

"அப்டியா சார்?"

"ஆமாமா. அது சரி, அடுத்த அமாவாசை எப்போ?"

"தெர்ல சார். டேட்டாவ கேட்டுப் பாருங்க."

போனை வைத்த கையோடு ஹால்காரரைக் கூப்பிட்டு, அடுத்த அமாவாசையை என் பேரில் பிடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை வருகிறது மக்களே. யார் யார் வர்றீங்க?