அண்ணன் தேய்த்த சுவர்கள்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறையப்போகிறது. திதிக்கு வரும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் வேண்டும் என்று அண்ணி சொன்னார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் எழுதும் வேலை ஒரே தங்கையான என் தலையில் விழுந்தது. இப்படியான மலர்கள் பலவற்றை நானும் வாங்கி வாசித்திருக்கிறேன். அவற்றில் இறந்தவர்கள் எல்லோரும் அதிர்ந்து பேசாதவர்களாகவே இருப்பார்கள். எங்கள் அண்ணன் அப்படியானவர் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். கோபம் மூக்கின் மேல் இருக்கும். பிடித்த பிடியை விடமாட்டார். அந்தப் பிடிவாதத்தால்தான் அவர் தலையெடுத்தார். அதனால்தான் போயும் சேர்ந்தார். இரண்டையும் எழுதுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையான லயக் காம்பராவில் பிறந்தவர் அண்ணன். அவர் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு அப்பா காலமானார். தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதியச் சொல்லி மேலாளர் துரையே ஆள் அனுப்பினார். அண்ணன் முடியாது என்று சொல்லிவிட்டு மாத்தளை டவுனுக்கு இறங்கி, வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். சில வருடங்களில் சொந்தமாக வேலை பிடித்து, செல்வம் என்பவரையும் இன்னும் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டார். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார். என்னைப் படிக்கவைத்தார். உக்குவளையில் அண்ணியைக் கட்டி, அங்கேயே ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு போட்டார். மாத்தளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் நான் இன்று பில் போடுகிறேன் என்றால் அந்த வேலையும் அவர் பேசி வாங்கித் தந்ததுதான்.

அந்தக் காலத்தில் டவுன் சும்மா இருக்கவில்லை. கண்டி வீதியில் ஒரு பக்கம் வீடு எழும்பினால் மறுபக்கம் வாடகைக்கு மாடி எழும்பும். வெளிநாட்டில் உழைத்தவர்கள் வீடு கட்டினார்கள். தம்புள்ளையில் மரக்கறி வியாபாரிகள் இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று கட்டினார்கள். நாலந்தாப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு அறைகள் வந்தன. ஏப்ரல் புத்தாண்டு, பெருநாள், தீபாவளி என்று வருடத்தில் மூன்று தடவை அண்ணனின் போன் ஓயாது. மூன்று மதத்துக்காரரும் பண்டிகைக்கு முந்தின கிழமைதான் தங்கள் சுவரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவர் கேலி செய்வார். வீட்டுக்கார அம்மா பச்சை என்பார், ஐயா நீலம் என்பார். அண்ணன் இருவருக்கும் நடுவில் நின்று, "ரெண்டு பேருக்கும் பிடிக்காத கலர் ஒண்ணு எங்கிட்ட இருக்கு, அதை அடிச்சா சண்டை வராது" என்று சொல்லிச் சிரிக்கவைத்து வேலையைத் தொடங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணெண்ணெய் போட்டு நகக்கண்ணைத் தேய்த்து, வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்குப் போவார். அந்தச் சட்டையில் ஒரு சொட்டுப் பட்டாலும் வீடு இரண்டாகிவிடும்.

பிறகு சனங்களுக்குச் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும் என்ற ஆசை பிடித்தது. சீமெந்துப் பூச்சின் மேல் நேரே பெயின்ட் அடித்தால் போதாது. மாவு போன்ற பட்டியைச் சுவர் முழுக்கப் பூசி, காய்ந்ததும் சாண்ட் பேப்பரால் தேய்த்து வழவழப்பாக்கி, அதன் மேல்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். தேய்ப்பதற்கு இரண்டு வழி. தண்ணீர் தெளித்துக் கையால் தேய்த்தால் தூசி எழும்பாது, ஆனால் கை வலிக்கும், சுவர் மறுபடி காய்வதற்கு இரண்டு மூன்று நாள் விட வேண்டும். உலர்ந்த சுவரில் மெஷின் போட்டுத் தேய்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். அறை முழுக்கப் புகைமூட்டம் மாதிரி மாவு பறக்கும். அண்ணன் ஆரம்பத்தில் தண்ணீர்க்காரர். மெஷின் பிடிப்பவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

எண்ணெய்க்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்தப் பொருளாதார நெருக்கடிக் காலம் வந்தது. எங்கள் கடையில் பெயின்ட் டின்களின் விலைச் சீட்டை நாங்களே கிழித்துக் கிழித்து ஒட்டினோம். காலையில் விலை கேட்டுப் போனவர் பின்னேரம் காசோடு வந்தால் வேறு விலை சொல்ல வேண்டியிருந்தது. முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். எண்ணெய், காஸ், பெற்றோல் எல்லாம் பிறகு ஏதோ ஒரு மாதிரி நிலைக்கு வந்தன. பெயின்ட் ஏறிய இடத்திலிருந்து பெரிதாக இறங்கவேயில்லை. டின்னின் விலையைக் கடையில் பேச முடியாது. நானே பில் போடுகிறவள், எனக்குத் தெரியும். அதனால் வீட்டுக்காரருக்குப் பேசிக் குறைக்கக் கிடைத்தது ஒன்றே ஒன்று, ஆள் கூலி. சதுர அடிக்கு இவ்வளவு என்று அண்ணன் சொன்னால் அதற்குக் கீழே சொல்ல வெளியூர்க் கூட்டங்கள் காத்திருந்தன. அவர்கள் எல்லோரிடமும் மெஷின் இருந்தது. கடைசியில் அண்ணனும் ஒரு மெஷின் வாங்கினார். நாலு பேருக்குக் கூலி கொடுத்தாக வேண்டுமே, அவரும் என்னதான் செய்வார்?

அதன்பிறகு வந்த பண்டிகைகள் எல்லாம் அந்தத் தூசியில்தான் போயின. முகக்கவசம் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று கழற்றிப் பையில் வைப்பார்கள். வேலை முடிந்ததும் எல்லோரும் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிடுவார்கள். பழம் தூசியை வழித்துக்கொண்டு கீழே போய்விடும் என்பது பெயின்ட்காரர்களின் நம்பிக்கை. வேலைத்தளத்தில் அரிசி இல்லாவிட்டாலும் வாழைச் சீப்பு தொங்கும். அண்ணனுக்கு இருமல் தொடங்கியபோது பழத்தைக் கூட்டினார். அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். "பனிதான்டி, வெயில் வந்தா போயிரும்" என்பார். வெயில் வந்தது, இருமல் போகவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு இருமுகிற ஆளை யாரும் வீட்டுக்குள் எடுப்பதில்லை. அண்ணன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜன்னல் கதவெல்லாம் சாத்தித் தேய்க்க வேண்டிய அறைகளைத் தானே எடுத்துக்கொண்டார். மற்றவர்களை வெளிச்சுவருக்கு அனுப்பிவிடுவார். பெரியவர் கஷ்டமான வேலையைத் தான் செய்கிறார் என்று செல்வமும் மற்றவர்களும் நினைத்தார்கள்.

கடைசி வேலை ஒரு கல்யாண வீடு. வீட்டுக்கார ஐயா உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாத்தளையிலேயே நின்றுவிட்டவர். நல்ல மனிதர், எங்கள் கடை வாடிக்கையாளர். கலர் அட்டையோடு நானும் போயிருந்தேன். அண்ணன் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகப் பணிவாகப் பேசினார்.

"ஐயா, இந்த வீட்ட தண்ணி போட்டுத் தேய்க்கிறேங்க. ரெண்டு மூணு நாள் கூடப் போகும். அதுக்குக் கூலி வேணாங்க."

"தம்பி, கூலி பிரச்சினை இல்லை. கலியாணம் கிட்டுது. பந்தல்காரர் வரப் போகினம், சொந்தக்காரர் வரப் போகினம். மற்ற ஆக்கள் மெஷின் போட்டு ஒரு நாளில முடிக்கினம்தானே. உம்மட்டயும் மெஷின் இருக்கெண்டு சொன்னாங்கள்."

"இருக்குங்க."

"பிறகென்ன?"

அண்ணன் என்னைப் பார்த்தார், கலர் அட்டையைப் பார்த்தார், சரிங்க என்றார். திரும்பி வரும்போது ஏன் திடீரென்று தண்ணீர் என்று நான் கேட்டதற்கு, "கரண்டு பில்லு கூடுது தங்கச்சி" என்று ஒரு பொய் சொன்னார்.

சில நாள் கழித்து, பற்றாக்குறைக்கு ஒரு பெயின்ட் டின்னை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனேன். செல்வம் வெளியே மதிலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே சாத்திய அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளித் திறந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அண்ணன் தெரிந்தார். தலை, புருவம், கண் இமை எல்லாம் வெள்ளை. சுவரோரம் குந்தியிருந்தார். மெஷின் சுவரில் இல்லை. கையில் தூக்கிப் பிடித்து வெறுமனே ஓடவிட்டபடி, குனிந்து இருமிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்குள் இருமல் வெளியே கேட்காது.

"அண்ணே! என்ன செய்றீங்க?"

"கதவ சாத்து. ஐயாவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். எழும்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இந்த ஒரு காம்பராதான் மிச்சம். கல்யாண வீடு தங்கச்சி, பாதியில விட்டுட்டுப் போக முடியாது. முடிச்சிட்டு நானே வாறேன். ஐயாகிட்ட வாயத் திறந்தன்னா நான் உன் அண்ணன் இல்ல."

எனக்கு வந்தது அழுகையல்ல, ஆத்திரம். மெஷினின் வயரைப் பிடுங்கினேன். அவர் எழுந்து மறுபடி மாட்டினார். அந்த அறையையும் முடித்தார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சுவரைத் தடவிப் பார்த்துப் புகழ்ந்தார்களாம்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியில் டொக்டர் சிங்களத்தில் என்ன வேலை என்று கேட்டார், அண்ணனும் சிங்களத்திலேயே சொன்னார். நுரையீரலில் தூசி படிந்து தழும்பாகிவிட்டது, அந்தத் தழும்பு இனி ஆறாது என்றார் டொக்டர். தண்ணீர் போட்டுத் தேய்த்தால் பரவாயில்லையா என்று அண்ணன் கேட்டார். நேரத்தோடு அப்படிச் செய்திருக்கலாம், இனிமேல் எதையும் தேய்க்கக் கூடாது என்றார் அவர். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த அண்ணன், "அத்தனை பழமும் வயித்துக்குத்தான் போயிருக்கு" என்றார். சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கடைசி மாதங்களை விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் மேசையில் தலையணை வைத்து அதில் சாய்ந்தே தூங்கினார். ஒட்சிசன் மெஷின் பக்கத்திலேயே ஓடும். அதன் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓயாமல் பேசிய மனிதர் ஒரு வசனத்தை மூன்றாகப் பிரித்துப் பேசினார். செல்வமும் மற்றவர்களும் ஞாயிறு தோறும் வருவார்கள். எந்த வீட்டில் வேலை, எந்தக் கலர் என்று கேட்பார். ஒரு காலையில் அண்ணி தேத்தண்ணி வைத்துவிட்டுத் திரும்பும்போது மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாண வீட்டு ஐயா இழவு வீட்டுக்கு வந்து கடைசிவரை நின்றார். போகும்போது என்னிடம் வந்தார். "பிள்ளை, ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாமே. சுவர் அப்பிடியே கிடந்திருந்தாலும் கலியாணம் நடந்திருக்கும்தானே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னது உண்மை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் நாளைக்கு யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று அண்ணன் பயந்ததும் உண்மை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கரண்ட் போய் ஒட்சிசன் மெஷின் நின்ற நேரமெல்லாம், அண்ணனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகக் கூப்பிட்டவுடன் ஆட்டோவோடு வந்து நின்று, ஒரு நாளும் ஓட்டக் கூலி வாங்காத அடுத்த வீட்டு ஃபாரூக் நானாவுக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. அவர் வீட்டிலிருந்து வந்த கஞ்சிதான் அண்ணன் விரும்பிக் குடித்த கடைசி உணவு. ஒட்சிசன் மெஷினை இரவல் தந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், லீவு தந்த என் கடை முதலாளிக்கும், தோட்டத்திலிருந்து வந்து பாடை தூக்கிய சொந்தங்களுக்கும் நன்றி. கல்யாண வீட்டு ஐயாவுக்கும் நன்றி சொல்லச் சொன்னார் அண்ணி. மனதாரச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இழவு விழுந்த வீட்டுக்கு ஆண்டுத் திதிக்கு முன் பெயின்ட் அடிப்பது எங்கள் குடும்ப வழக்கம். செல்வமும் மற்றவர்களும் காசு வேண்டாம் என்று தாங்களாகவே வந்தார்கள். முன்னறைக்குப் பட்டி பூசினார்கள். நேற்று, திதிக்கு நாள் கிட்டிவிட்டதே என்று செல்வம் அண்ணனின் மெஷினையே எடுத்து மாட்டினார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அண்ணி வந்து பார்த்தார். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவந்து, இருந்த பலத்தோடு அந்தச் சுவரில் வீசி ஊற்றினார். எல்லோரும் நனைந்து நின்றோம்.

"தண்ணி போட்டுத் தேயுங்க" என்றார்.

"அக்கா, அப்புறம் காயாதுங்களே. திதிக்கு நாளில்லீங்களே."

"காயாட்டி காயாம இருக்கட்டும். எத்தன நாள் போனாலும் போகட்டும்."

இன்று மழை. நான்கு பேரும் சத்தமில்லாமல் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணி அவர்கள் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த மலரை வாங்க நீங்கள் வரும் நாளில் முன்னறைச் சுவர்கள் பெயின்ட் இல்லாமல் திட்டுத்திட்டாக ஈரமாகத்தான் இருக்கும். தயவுசெய்து சாய்ந்து உட்காராதீர்கள். யாரும் அவர்களை அவசரப்படுத்தவும் வேண்டாம்.