கல் நத்தை நீந்திய மதியம்

எங்கள் சித்தி கல்யாணச் சீரில் கட்டில், பீரோவோடு ஒரு கம்ப்யூட்டரையும் கொண்டுவந்தார். அரியலூரில் எங்கள் தெருவே கூடி அதை வேடிக்கை பார்த்ததாம். எனக்கு விவரம் தெரிவதற்குள் அது கிழடு தட்டிப்போயிருந்தது. கூட்டுக் குடும்பத்தில் பாத்திரம் பண்டமெல்லாம் பொது. அந்தப் பெட்டி மட்டும்தான் சித்தியுடையது. வேறு யார் தொட்டாலும் அவர் முகம் மாறிவிடும்.

ஒரு கோடை விடுமுறையில், ஓடையிலிருந்து சுருள் சுருளான ஒரு கல்லைப் பொறுக்கி வந்தேன்.

"நம்ம ஊரு ஒரு காலத்துல கடலா இருந்துச்சு பாப்பா. அதுல நீந்துன நத்தை மாதிரி ஒண்ணுதான் இப்படிக் கல்லாப் போயிருக்கு" என்றார் சித்தி.

எப்படி நீந்தியது என்று விடாமல் நச்சரித்தேன். சமையல் முடிந்த பகல்களில் உட்கார்ந்து, புரோகிராம் எழுதிக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கடலை உண்டாக்கி அதில் நத்தையை விட்டார். பாவம், அது விட்டு விட்டு நகர்ந்தது.

"இது நீந்தல சித்தி, திக்குது" என்றேன்.

பெட்டியை அதன் திராணிக்கு மேல் ஓடவைக்க ஒரு வழி இருந்தது. ஓவர்கிளாக் என்பார்கள். சித்தி அதைப் படித்ததோடு சரி, செய்து பார்த்ததில்லை. விஷயம் காதில் விழுந்ததும் சித்தப்பா, "எரிஞ்சுபோச்சுன்னா ஒங்க வூட்லேருந்து இன்னொண்ணு வருமா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார். சித்தி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே அப்பியிருந்த ஊர் ஆலைகளின் சிமெண்ட் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, டேபிள் ஃபேனை எதிரே வைத்தார். வெறும் எழுத்துகள் மட்டும் தெரிந்த நீலத் திரையில் வேகத்துக்கான ஓர் எண்ணைக் கூட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம்.

அம்மாடி, நத்தை நீந்தியது! ஓட்டின் வாயிலிருந்து நீண்ட கைகளை விரித்து மடக்கி, பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போனது. எங்கள் வீட்டுக் கூடத்தில் கடல் இருந்தது. மூச்சு விடவே எனக்குப் பயமாக இருந்தது.

பொட்டென்று திரை அணைந்தது. சித்தி சுவிட்சை அழுத்தினார், அசைவில்லை. ஜுரம் வந்த பிள்ளையைத் தொடுவதுபோல் பெட்டியின்மேல் கை வைத்தார். வெகுநேரம் ஃபேன் காற்றில் ஆறவிட்டு மறுபடி அழுத்தியபோது உயிர் வந்தது. எண்ணைப் பழையபடி குறைத்துவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு தடவ காட்டு சித்தி" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இந்தத் தடவ நல்லாப் பாத்துக்க" என்று எழுந்து, எண்ணைத் திரும்பவும் கூட்டினார்.

கேட்டதும் கிடைத்த குஷியில் நான் கைதட்டினேன். தனக்கென்று இருந்த ஒரே பொருளை அவர் எனக்காகப் பணயம் வைக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் நத்தையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.