கார்ட்டை நம்பிக் கொடுத்த துவக்கு

என்னிடம் இருந்த மான் வேட்டைத் துவக்குகள் இரண்டில் ஒன்றை, இங்கே வில்லரே என்ற பகுதியில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றேன். துவக்கு லைசென்ஸ் கார்ட்டைக் காட்டினார். அது இன்னும் செல்லுமா என்று அரசாங்கத்திடம் கேட்ட பிறகே துவக்கைக் கொடுக்கலாம் என்பது சட்டம். போனை எடுத்தேன்.

"என்ன அண்ணை, என்னையே விசாரிக்கப் போறியளோ?" என்றார். வெட்கப்பட்டு வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி அழைத்தார்.

"அண்ணை, இவர் என்னைக் கொல்லுவன் எண்டு வெருட்டினதாலதான் அவரின்ரை லைசென்ஸை நிப்பாட்டினவை. ஏன் துவக்கைக் குடுத்தனீங்கள்? பொலிசுக்குச் சொல்லிப்போட்டுப் பிள்ளையளோட பாத்ரூமுக்குள்ள பூட்டிக்கொண்டு நிக்கிறன்."

பொலிஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

போன மாதம் மற்றத் துவக்கைத் தங்கையின் கணவர் கேட்டார். அவர் முன்னாலேயே போன் எடுத்து விசாரித்தேன். அன்றிலிருந்து மச்சான் என்னோடு கதைப்பதில்லை.

தங்கை கதைக்கிறாள்.