முதல் பஸ் பதினொன்றே காலுக்கு

மாவட்டக் கவுன்சில் அலுவலகத்தில் அவளைச் 'சுருக்கம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பார்ப்பது சுருக்கெழுத்து வேலை, பேச்சும் அதே அளவுதான். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் "ம்" என்பாள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றாலும் அதே "ம்". ஆனால் பேனாவைத் திறந்துவிட்டால் ஒரு சொல் தப்பாது. அவள் இருக்கும் கூட்டத்தில் இருமக்கூட யோசிக்கணும் என்று கேலி செய்வார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் எழுதிய கூட்டக் குறிப்பில் யாரும் பிழை கண்டதில்லை.

அன்றைக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். மலையடிவார ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடலாமா என்பது விஷயம். அது அவள் பிறந்த ஊர். அண்ணன் அங்கே டிராக்டர் மெக்கானிக். கூட்டம் காலை பத்து மணிக்கு என்று நோட்டீசில் பார்த்தபோதே ஊர் பஸ் வரும் நேரத்தைக் கணக்குப் போட்டாள்.

ஹாலில் அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றிலும் ஆள் இல்லை. பத்தே முக்காலுக்குச் செயலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாரும் வரலை. ஆட்சேபணை இல்லைன்னு எழுதி முடிச்சிடுங்கம்மா."

"சார், அந்த ஊர்லேர்ந்து முதல் பஸ்ஸே பதினொன்னே காலுக்குத்தான் வரும்."

"அக்கறை இருக்கிறவங்க நேத்தே கிளம்பி வந்திருக்கலாமே."

 தான் சொன்னதையும் அவர் சொன்னதையும் அவள் நேரம் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். 

பதினொன்று இருபதுக்கு வாசலில் இரைச்சல் கேட்டது. நாற்பது பேர் இருப்பார்கள். ஹால் பூட்டியிருப்பதைப் பார்த்ததும் கூட்டம் கொதித்துப்போனது. காவலாளியின் சட்டைக் காலரை ஒருவன் பிடித்துவிட்டான். கண்ணாடிக் கதவில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது அவளுடைய அண்ணன்.

"கதவைத் திறக்காதீங்க. போலீசுக்குச் சொல்லியாச்சு," என்றார் செயலர்.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கவாட்டு வழியாக வெளியே போனாள். அவளைப் பார்த்ததுமே அண்ணன் பிடித்துக்கொண்டான்.

"வாம்மா, நகரத்துக்காரி! உள்ள உக்காந்து எங்களுக்கும் சேர்த்து எழுதி முடிச்சிட்டியா?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்தாள். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. எழுதறேன்."

"எழுதி என்னத்தக் கிழிக்கப்போற?" என்று பின்னால் ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.  தெருமுனையில் போலீஸ் வேன் திரும்புவது தெரிந்தது.

அப்போது ஒரு பெண் முன்னால் வந்தாள். "என் மருமகளுக்குப் போன மாசம் வழியிலேயே, வேன்லயே பிரசவம் ஆச்சு. வார்டுல டாக்டர் இல்லைன்னு இங்க அனுப்பினாங்க. குழந்தை பிழைக்கலை. இதை எழுதும்மா."

அவள் எழுதினாள். காவலாளியின் காலரை விட்டுவிட்டு அந்த ஆளும் வரிசையில் வந்து நின்றான். இறங்கிய போலீஸ்காரர்கள், அடிக்க யாரும் அகப்படாமல் வேனருகே நின்றார்கள். செயலர் மாடி ஜன்னலிலிருந்து "அது கணக்கில் வராது, கூட்டம் முடிஞ்சாச்சு!" என்று கத்தினார். அதையும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் அவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "என் பேச்சையெல்லாம் எடுத்துட்டு வேற டைப் பண்ணிக் கொண்டுவாங்க."

"நீங்களே மாத்தி வெச்சுக்கங்க சார். என் கையெழுத்து மட்டும் அதுல வராது."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அங்கே பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். கையெழுத்தில்லாத குறிப்பு செல்லாது என்பது அவருக்கும் தெரியும். உள்ளது உள்ளபடியே அது மேலே போனது. அடுத்த கவுன்சில் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் "நேத்தே கிளம்பி வந்திருக்கலாமே" என்பதை எழுந்து நின்று வாசிக்க, பத்திரிகைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கருத்துக் கேட்பு ஊரிலேயே மறுபடி நடந்தது. வார்டு தப்பித்தது. அவளைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள்.

வருடம் திரும்பித் தேர்தல் வந்தது. நகரத்துக்காரர்களுக்குப் பாடம் கற்பிப்பேன் என்று மேடைக்கு மேடை முழங்கிய ஒரு ஆளுக்கு அந்த ஊரே ஓட்டுப் போட்டது; அவனே ஜெயித்தான். பொறுக்க முடியாமல் அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அந்தாளு சொல்றது அத்தனையும் பொய்னு உனக்குத் தெரியாதா அண்ணா?"

"தெரியும். ஆனா எங்க ஊர் வரைக்கும் வந்து பொய் சொன்னான்ல. உங்காளுங்க வந்து உண்மையக்கூடச் சொல்லலையே."

"உங்காளுங்களா? நான் யாரு?"

அவன் போனை வைத்துவிட்டான்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த ஆளின் ஆட்சியே வார்டைப் பூட்டியது. அண்ணன் இப்போதும் வாரம் ஒரு தடவை பேசுகிறான். டிராக்டரைப் பற்றி, மழையைப் பற்றி. வார்டுப் பேச்சை அவனும் எடுப்பதில்லை, அவளும் கேட்பதில்லை.