இடைவேளையில் செத்துப்போனவர்

என் வீட்டுக்காரர் செத்துப்போன செய்தி எனக்கு ஒரு வீடியோவில்தான் கிடைத்தது. செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிரில் இருக்கும் ஆன்லைன் சென்டரில் நான் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்று, பட்டா, ஆதார் திருத்தம் என்று காலையில் வரும் கூட்டம் மதியத்துக்குள் ஓய்ந்துவிடும். அன்றைக்கும் ஓய்ந்த பிறகு போனை எடுத்தேன். சென்னையில் ஏதோ ஒரு தியேட்டர் வாசலில், படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்த ஒரு பெண், "அந்த நாலாவது பையன் சாகும்போது என்னால முடியல. நிஜத்துலயும் அப்படித்தான் ஆச்சாம். அவன் மட்டும் இருந்திருந்தா இன்னிக்கு லெவலே வேற" என்றாள்.

அந்த நாலாவது பையன் என் வீட்டுக்காரர். உடனே போன் போட்டேன். நெல் லோடோடு மார்க்கெட் கமிட்டியில் நின்றிருந்தார்.

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல. உசுரோட இருக்கறீங்களான்னு பார்த்தேன்."

"இருக்கறன். மூட்டை எறக்கினு இருக்காங்க, போன வை."

ஏன் அப்படிக் கேட்டாய் என்று அவர் கேட்கவில்லை. எனக்குச் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

சந்தேகம் எனக்குப் புதிதில்லை, சம்பளமே அதற்குத்தான் வாங்குகிறேன். அண்ணன் போட்டோவை ஒட்டிக்கொண்டு தம்பி வருவான். உயிரோடு இருக்கிற மாமியாரை இறந்தவர் என்று எழுதிக்கொண்டு மருமகள் வருவாள். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. புருஷனை மட்டும் அப்படிப் பார்க்க முடியவில்லை.

அவரும் இன்னும் மூன்று பேரும் காலேஜில் படிக்கும்போது ராப் பாட ஆரம்பித்தார்கள். செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலைக்குக் கீழே பாறையில் உட்கார்ந்து பாட்டுக் கட்டுவார்கள். வார்த்தை பெரும்பாலும் இவருடையது. ரேஷன் வரிசை, கரண்ட் போன ராத்திரி, பஸ் பாஸ் என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுவார். காலேஜ் முடித்த கையோடு எங்களுக்குக் கல்யாணம் ஆனது. சென்னையிலிருந்து முதல்முதலாக ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்ட அதே வாரம் எனக்குப் பிரசவம். ரத்தம் நிற்கவில்லை என்று புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் கையை விரித்துவிட்டார்களாம். இவர் என்னோடு இருந்துவிட்டார். மற்ற மூன்று பேரும் போனார்கள். அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஓடி, அவர்கள் வெளிநாடு வரைக்கும் போய்ப் பாடினார்கள். இவர் லோடு வண்டி வாங்கினார்.

அதைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் எனக்கு உறுத்தியது. கோபப்பட்டாலாவது திருப்பிச் சண்டை போடலாம். இவளால்தானே போச்சு என்ற நினைப்பு அவருக்கு உள்ளே இருக்கிறதா, இல்லையா? பத்து வருஷமாக எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவர்கள் நாலு பேர் கதையைத்தான் இப்போது படமாக எடுத்திருந்தார்கள். போன வருஷம் சினிமாக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். என்னிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு, பேச்சு முழுவதையும் அவரோடு வெளியே வைத்துக்கொண்டார்கள். என்ன கேட்டார்கள் என்றதற்கு, "பழைய கதைதான்" என்றார். அன்றைக்கே துருவியிருக்க வேண்டும்.

செஞ்சியில் படம் வந்ததும் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் வரவில்லை. "நீ பாப்பாவ இட்டுனு போய்ட்டு வா" என்றார். தன்னைப் பற்றிய படத்துக்கு வராத மனுஷனை நான் அப்போதுதான் பார்த்தேன்.

படத்தில் அவராக வந்த பையன் பால் போல் வெளுப்பாக இருந்தான். திண்டிவனம் ரோட்டில் பைக்கில் வருகிறான், மழை பெய்கிறது, எதிரில் லாரி. திரையில் இடைவேளை என்று விழுந்தது. தியேட்டரில் மூக்கு உறிஞ்சும் சத்தம். பாப்கார்னைப் பிடித்தபடியே எங்கள் பெண் கேட்டாள்: "நைனா காலைலதானம்மா எனக்குத் தல சீவி வுட்டுச்சு?" பின் சீட்டில் ஒருவர் இன்னொருவரிடம், "மூளையே இவன்தான்பா, இவன் இருந்திருந்தா அந்த மூணு பேரும் ஒண்ணுமே இல்ல" என்றார். யாரென்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் சென்டருக்கு வருகிறவர் இல்லை. சென்னைப் பெண் சொன்னதையே இவர் எப்படிச் சொல்கிறார்? யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்களா?

இடைவேளைக்குப் பிறகு என்னைப் போல ஒருத்தி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் இந்த வயதில் யார் இப்போது வெள்ளைச் சேலை கட்டுகிறார்கள்? அழுவதைத் தவிர அவளுக்கு வேலையே இல்லை. கடைசிக் கச்சேரியிலும் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாள். படம் முடிந்ததும் நிஜமான நாலு பேரின் போட்டோவையும் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் போட்டோவுக்குக் கீழே ஒரு விளக்கு எரிந்தது. எங்கள் பெண்ணை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் இங்கேயும் ஒருவன் மைக்கோடு நின்றான். "அக்கா, படம் எப்படிக்கா?"

"நாலாவது ஆளு சாவல" என்றேன். "காலைல நாலு இட்லி துன்னுட்டு லோடுக்குப் போயிருக்குது."

"நீங்க யாருக்கா?"

"அவரு பொண்டாட்டி."

அவன் கேமராக்காரனைப் பார்த்தான், கேமராக்காரன் அவனைப் பார்த்தான். மறுநாள் வீடியோ வந்துவிட்டது. கீழே வந்த கருத்துக்களைச் சென்டரில் உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்தேன். விளம்பரத்துக்குப் பிடித்துவந்த ஆள் என்று ஒருவர். செத்தவன் பெயரில் பிழைக்க வந்தவள் என்று ஒருவர். புருஷன் போனதில் புத்தி கலங்கிவிட்டது, யாரும் திட்டாதீர்கள், பாவம் என்று ஒரு நல்லவர். நான் எல்லாரையும் சந்தேகப்பட, எல்லாரும் சேர்ந்து என்னைச் சந்தேகப்பட்டார்கள். நடுநடுவே அந்த வரி மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. அவன் இருந்திருந்தா, அவன் மட்டும் இருந்திருந்தா.

சாயந்திரம் நேராகவே கேட்டேன். "உங்கள சாவடிச்சிருக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சினிமான்னா அப்படித்தான். கொழம்பு இன்னா?"

அதற்கு மேல் அவரிடம் வாங்க முடியவில்லை. அந்த மூன்று பேரும் பாட்டு முழுவதும் தங்களுடையது என்று காட்ட இவரை ஒழித்துக்கட்டியிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். அப்படியென்றால் இவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்புறம் வந்த நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. இவரே கேட்டு வாங்கிக்கொண்டாரோ? என்னோடு லோடு அடித்துக்கொண்டு கிடப்பதைவிட, பாட்டுக்காரனாகவே செத்துப்போய்ப் பெயர் வாங்கினால் போதும் என்று?

ஞாயிற்றுக்கிழமை காலை சந்து முனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. பனமலையிலிருந்து என் பெரியம்மா. அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்று இருப்பது அவர் ஒருவர்தான். மாரில் அடித்துக்கொண்டே வந்தார். ஒரு பையில் ரோஜா மாலை. இன்னொரு பையில் கோடிச் சேலை, புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டில் எடுத்துப்போடும் புதுச் சேலை.

"ஏண்டி கண்ணு, ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த நேரம் பார்த்து, என்ன சத்தம் என்று குளியலறையிலிருந்து என் வீட்டுக்காரர் துண்டோடு எட்டிப்பார்த்தார். காதில் சோப்பு நுரை. பெரியம்மாவுக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே பெரிம்மா" என்றேன்.

"சாவு ஊட்டுக்குப் போன் போட்டு, உம் புருசன் செத்துட்டானாடின்னு கேக்கச் சொல்றியா? நல்லா கீது உன் நாயம். பேரன் போன்ல காமிச்சான். போட்டோவுக்குக் கீழ வெளக்கு எரியுது. அப்புறம் இன்னா கேள்வி? தாய்வூட்டுக் கோடி இல்லாம நீ நாலு பேரு முன்னாடி நிக்கக் கூடாதுன்னு மொத பஸ்ஸுக்கு ஓடியாந்தேன்."

சிரித்துக்கொண்டே பெரியம்மாவின் கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டேன். என் வீட்டுக்காரரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா அவரை உட்காரவைத்துக் கற்பூரம் சுற்றினார். மாலையை முச்சந்தியில் போட்டுவரச் சொன்னார். கோடியை வாசற்படி தாண்ட விடவில்லை. அதை வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு, எங்கள் பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பெரியம்மாவை ஊரில் சேர்க்கக் கிளம்பினோம். வழியெல்லாம் பெரியம்மா அவர் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். பனமலை ஏரியில் சேலையை விட்டுவிட்டுப் பெரியம்மாவை வீட்டில் இறக்கினோம்.

திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"ஒரு கெழவி பொழுது விடியறதுக்குள்ள கோடி எடுத்துனு ஓடியாருது. நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாவணும். நீங்களா சாவறேன்னு சொன்னீங்களா?"

அவர் எஞ்சினை அணைத்தார்.

"ஆமா."

"என்னோட வாழறதுக்கு அது மேல்னா?"

"லூசு மாதிரி பேசாத" என்றார். "நடந்தத நடந்த மாதிரிதான் சொன்னேன். ஆஸ்பத்திரி, ரத்தம், நான் ரெக்கார்டிங்குக்குப் போவாதது, எல்லாம். அப்புறம் எழுதினு வந்து, லாட்ஜுக்குக் கூப்ட்டுப் படிச்சுக் காட்டினாங்க. அதுல நீ பொழைக்கல."

அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"பொழைச்சுட்டாளேன்னேன். பொழைச்சா சீன் நிக்காதுங்கறாங்க. இடைவேளைக்கு யாராச்சும் ஒருத்தர் சாவணுமாம். அப்ப என்னப் போட்டுக்குங்கன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்னச் சாவடிச்சு எழுதி வெச்சிருக்காங்கன்னு உங்கிட்டயே வந்து சொல்லணுமா?"

"நான் செத்தப்புறம் அதுல நீங்க இன்னா ஆனீங்க?"

அவர் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"நானா? சென்னைக்குப் போறேன். அந்த மூணு பேருக்கும் மேல வந்துடறேன். வெளிநாட்டுல பெரிய மேடை. அவ்ளோ ஜனமும் எழுந்து நின்னு கை தட்டுது. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க" என்றார். குரல் இறங்கியது. "என்னால கேக்க முடியல. எழுந்து வெளிய வந்துட்டேன்."

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவர் தோளில் முகத்தை வைத்து, பெரியம்மா அழுததைவிடச் சத்தமாக அழுதேன். நான் செத்து அவர் பெரிய ஆளாகும் கதை ஒன்று, அவர் செத்து நான் இருக்கும் கதை ஒன்று, இரண்டும் அவர் கையில் இருந்திருக்கின்றன. அவர், தான் செத்துப்போகும் கதையை எடுத்துக்கொண்டு, குழம்பு என்னவென்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்.