ஜெர்மன் மொழியில் என் கணவர்

ஜெர்மன் வகுப்பில் நாங்கள் பன்னிரண்டு பேர். வகுப்புக்கென்று டீச்சர் ஒரு வலைப்பூ தொடங்கியிருந்தார். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் தன் வீட்டைப் பற்றிப் பத்து வாக்கியம் அதில் எழுத வேண்டும். மற்றவர்கள் கீழே கருத்துப் போட வேண்டும். கண்டியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வருகிற ஜெர்மன்காரர்களிடம் நாலு வார்த்தை பேசினால் போதும் என்றுதான் சேர்ந்தேன். இந்த எழுத்து வேலையில் வந்து மாட்டிக்கொண்டேன்.

பாடப் புத்தகம் தந்த வார்த்தைகளோ கொஞ்சம். தோட்டம், நாய், சமையலறை, பியானோ. அதை வைத்துக்கொண்டு வேறென்ன எழுதுவது? மூன்றே வாரத்தில் பன்னிரண்டு வீட்டிலும் தோட்டமும் நாயும் வந்துவிட்டன. எங்களோடு படிக்கும், அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை நாங்கள் 'நானா' என்போம்; அவருக்கு இரண்டு நாய்.

"என்ன நானா, ரெண்டா?" என்று கேட்டேன்.

"புத்தகத்துல இருக்குறதத்தானே எழுதலாம் தங்கச்சி," என்றார் கூசாமல்.

நான் மட்டும் யோக்கியமா? 'ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சமைக்கிறார். பிறகு பியானோ வாசிக்கிறார்' என்று எழுதினேன். பல்லேகலயில் எங்கள் வாடகை வீட்டுக்குள் பியானோவை வைத்தால் நாங்கள் வெளியே நிற்க வேண்டும். டீச்சர் பூப்படம் போட்டுப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு மாலை என் கைப்பேசியை எடுத்து, அந்தப் பக்கத்தில் மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். தமிழில் முழுதாகப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"யாரு இந்தாளு?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச வார்த்த அவ்வளவுதாங்க."

"ஞாயித்துக்கிழமதான் ஆளுங்க நெறய ஏறுவாங்க, நல்ல ஹயர் கெடைக்கும். நீ வகுப்புக்குப் போகணும்னு, ஆட்டோவ நிப்பாட்டிட்டு புள்ளயப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கேன். அத எழுதுனா ஒனக்குக் கொறச்சலா?"

கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஒரு பிடி பிடித்திருப்பேன். வாய்க்கு நான் குறைந்தவள் இல்லை. அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டிலிருக்கும் மனிதரை விட்டுவிட்டு, புத்தகத்து மனிதரை ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்.

புதிதாக எழுத உட்கார்ந்தேன். 'நிறுத்தி வைப்பது', 'பார்த்துக்கொள்வது' என்று அகராதியிலும் டீச்சரிடமுமாக வார்த்தை தேட மூன்று நாள் பிடித்தது. பத்து வாக்கியம் வரவில்லை. நான்குதான் வந்தன. 'என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தி வைக்கிறார். எங்கள் மகளைப் பார்த்துக்கொள்கிறார். அதனால் நான் வகுப்பில் இருக்கிறேன்.' பியானோக்காரரை அழித்துவிட்டேன். கீழே முதல் கருத்து நானாவுடையது: 'நல்ல மனிதர். என்னிடம் நாய் இல்லை.'

அந்த நான்கு வாக்கியத்தையும் திரும்பப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. தமிழில் இதற்கெல்லாம் அகராதி வேண்டியதில்லை. இருந்தும் ஒருநாள்கூட இதை அவரிடம் சொன்னதில்லை.

அன்று நான் அவரிடம் கைப்பேசியை நீட்டவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து மகளின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்க வீட்டுல இருக்கறதாலதாங்க நான் படிக்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சப்பாத்துக் கயிற்றின் முடிச்சோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

சொன்னேன்.